கார்டில் இரண்டாவது கோடு

ஜனவரி மாதம் கோத்தகிரியில் லேப் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது தெர்மாமீட்டரைத்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கார்டுக்கு அறைச் சூடு 15 டிகிரியாவது வேண்டும். விடியற்காலையில் இங்கே அது இருப்பதில்லை. ஹீட்டர் போட்டு, கார்டும், ரத்தத்திலிருந்து பிரித்த சீரமும் குளிர் விட்ட பிறகுதான் சொட்டு விடுவேன். அவசரப்பட்டால் மெல்லிய கோடு கண்ணில் படாமலே போய்விடும்.

அன்றும் அப்படித்தான் காத்திருந்தேன். கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' பக்கம் உடனே கோடு விழுந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில், தொற்றைக் காட்டும் 'டி' பக்கமும் வெளிர் ரோஜா நிறத்தில் ஒன்று. ஐந்து மாதக் கர்ப்பிணி, தேயிலை பறிக்கிற பெண். எலிசா என்ற அடுத்த ரத்தச் சோதனையிலும் உறுதியானது. டாக்டர் சொன்ன பிறகும் என்னிடம் வந்து, "எனக்குக் காமாலையே வந்ததில்லையேக்கா" என்றார்.

காமாலை வரவே வேண்டாம். வைரஸின் மேலுறைப் புரதமான ஆன்டிஜென் ரத்தத்தில் இருந்தால் அந்தக் கோடு விழும். கண் மஞ்சளாகாமல், பசி குறையாமல், அந்த வைரஸ் இருபது முப்பது வருடம் கல்லீரலில் தங்கிவிடும். பிறகு கல்லீரல் சுருக்கம், சிலருக்குப் புற்றுநோய்.

இந்த ஆன்டிஜெனை அமெரிக்க விஞ்ஞானி ப்ளம்பெர்க்கின் குழு ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தில் கண்டது, 1965-ல் வெளியிட்டார்கள். ரத்தப் புற்றுநோயாளிகளிடம் அடிக்கடி தெரிந்ததால், அந்த நோயோடு சேர்ந்ததோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1967-ல் அதே லேபின் டெக்னீஷியன் பார்பரா வெர்னருக்கு உடம்பு முடியாமல் போக, தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். முன்பு நெகட்டிவ், இப்போது பாசிட்டிவ். கல்லீரல் அழற்சியோடு அதற்குள்ள தொடர்பு தெளிவாக அதுவும் ஒரு காரணம். கையுறை மாட்டும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

அதே ஆன்டிஜெனைத்தான் இன்று தடுப்பூசியாகப் போடுகிறோம். தைவான் 1984-ல் பச்சைக் குழந்தைகளுக்குத் தொடங்கியது. அங்கே பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் பிற்பாடு குறைந்தது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசிக்குள் இது சேர்ந்தது. இன்று பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதற்கு முன்பே பிறந்துவிட்டவர்கள்.

பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குள்தான். அதனால்தான் முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்லி மன்றாடுகிறோம். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு அதோடு, வைரஸை எதிர்க்கும் தயார்நிலை ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள்.

வீட்டிலோ மாமியார் தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொன்னாராம். நேரில் போய்ப் பேசினேன்: டம்ளரில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, பால் கொடுக்கலாம். ரத்தம், உடலுறவு, பிரசவம், பிறருக்குப் பயன்படுத்திய ஊசி, பிளேடு — இவற்றில்தான் கவனம் வேண்டும்.

கீழாநெல்லி குடித்துச் சரியாகிவிட்டது என்று வருபவர்களிடம் எனக்கு வாதமில்லை. கோடு இருக்கிறதா என்று மறுபடி பார்ப்போம் என்பேன். இருந்தால் மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம். பலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் தேவைப்படும்.

போன மாதம் அந்தப் பெண் தன் அம்மாவையும் தம்பியையும் கூட்டி வந்தார். அம்மாவுக்குக் கோடு விழுந்தது, தம்பிக்கு இல்லை. அவனுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. பத்து மாதக் குழந்தைக்கு 'சி' பக்கம் மட்டும்தான். பதினைந்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

கணவர் மட்டும் இன்னும் வரவில்லை. ஃபேக்டரியில் லீவு கிடைக்கட்டும் என்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்காகவே லேபைத் திறந்து வைக்கிறேன்.