பிளாட்டினோசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

இன்றைய கொலம்பியாவின் ஆற்று மணலில் பொன் அரித்த ஸ்பானியர்கள், கூடவே வந்த வெண்ணிற உலோகத்தைச் ‘சின்ன வெள்ளி’ என்ற பொருளில் ‘பிளாட்டினா’ என்றார்கள். அதிலிருந்து பிளாட்டினம் வந்தது. நோய்நிலையைச் சுட்டும் ‘ஓசிஸ்’ என்ற கிரேக்க ஈறு அதனுடன் சேர்ந்து, பிளாட்டின ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் ஒரு நோயின் பெயராகப் பிளாட்டினோசிஸ் ஆயிற்று.

இந்தப் பெயர் இரண்டு வகையில் தவறான எண்ணத்தைத் தருகிறது. சிலிக்கா தூசால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் என்ற சொல்லோடு பழகியவர்கள் இதையும் நுரையீரல் தழும்பேறும் நோய் என்றே நினைப்பார்கள். உண்மையில் இது ஒவ்வாமை. அடுத்து, பெயர் உலோகத்தின் மீது பழி போடுகிறது. மோதிரத்தில் இருக்கும் பிளாட்டினம் இந்தத் தீங்கைச் செய்வதில்லை. செய்வது அதன் குளோரோ உப்புகள், அதாவது பிளாட்டினத்தோடு குளோரின் பிணைந்த உப்புகள்.

சுத்திகரிப்பு ஆலையில் பிளாட்டினத்தை இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவையில்) கரைத்தால் குளோரோபிளாட்டினிக் அமிலம் கிடைக்கும். அதில் நவச்சாரத்தை (அம்மோனியம் குளோரைடை) சேர்த்ததும் அம்மோனியம் குளோரோபிளாட்டினேட் மஞ்சள் வீழ்படிவாக இறங்கும். வடிகட்டி, உலர்த்தி, சூடாக்கினால் நுண்துளைகள் நிறைந்த தூய உலோகம் மிஞ்சும். உலர்ந்த அந்த மஞ்சள் தூளைக் கையாளும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். முதலில் தும்மல், மூக்கொழுகல், கண்ணெரிச்சல்; பிறகு இளைப்பு, தோலில் தடிப்பு. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் இம்மியளவு தூளே மூச்சைத் திணறடிக்கும். 1945இல் பிரிட்டனில் நான்கு ஆலைகளை ஆராய்ந்தபோது, 91 தொழிலாளர்களில் 52 பேருக்கு இத்தொல்லைகள் இருந்தன. கரையும் பிளாட்டின உப்புகளுக்கு அமெரிக்கா வைத்துள்ள வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம் மட்டுமே. புகைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

இந்தச் சேர்மங்களை ஒதுக்கிவிடவும் முடியாது. வாகனப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி, மின்முலாம், சிலிக்கோன் தயாரிப்பு ஆகியவற்றுக்கு இவை வேண்டும். குடிநீரின் நிறத்தை அளக்கும் ஒப்பீட்டுக் கரைசலிலும் பொட்டாசியம் குளோரோபிளாட்டினேட் உண்டு.

தமிழில் ‘பிளாட்டின உப்பு ஒவ்வாமை’ என்பது நல்ல பெயர். ‘பிளாட்டின நோய்’ கூடவே கூடாது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ‘குளோரோபிளாட்டினேட் ஒவ்வாமை’ என்பேன். பிளாட்டின அணுவோடு நேரடியாகப் பிணைந்த குளோரின்தான் இங்கே முக்கியம்: அது விலகி இடம் கொடுக்கும்போது பிளாட்டினம் உடலின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. குளோரினுக்குப் பதிலாக நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் இறுகப் பிணைந்த உப்பை மட்டும் கையாண்ட வினையூக்கித் தொழிலாளர்களிடம் இந்த ஒவ்வாமை காணப்படவில்லை. ஆலை எச்சரிக்கைப் பலகையில் ‘குளோரோ’ என்ற மூன்று எழுத்துகளை இடம் போதவில்லை என்று வெட்டிவிடக் கூடாது.