வெற்றிடம் எந்த நேரமும் உடையுமா?

பிரபஞ்சம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு கணத்தில் அழிந்துவிடலாமாமே, நிஜமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிஜம்தான், இயற்பியல் விதிகள் எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கடன் தவணையைக் கட்டிவிடுங்கள்.

வெற்றிடத்திலும் ஹிக்ஸ் புலம், அதாவது அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலம், நிறைந்திருக்கிறது. அது இப்போதிருக்கும் நிலையைவிட ஆற்றல் குறைந்த நிலை வேறொன்று, ஓர் ஆற்றல் மேட்டுக்கு அப்பால் இருந்தால், நம்முடையது போலி வெற்றிடம்: என்றாவது உடைந்து அந்த நிலைக்கு இறங்கிவிடலாம், அப்போது நாம் அறிந்த பிரபஞ்சம் அழியும். ஹிக்ஸ் துகளின் நிறை, துகள்களுக்கான அலகில், சுமார் 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்; அடிப்படைத் துகள்களிலேயே கனமான டாப் குவார்க்கின் நிறை சுமார் 173. நமக்குத் தெரியாத துகள் எதுவும் குறுக்கே வராதென்று வைத்துக் கணக்குப் போட்டால், நம்முடையது போலி வெற்றிடம் என்றுதான் தெரிகிறது.

சரி, மேட்டை எப்படிக் கடப்பது? குவாண்டம் துகள்கள் ஏறாமலே ஊடுருவும். ஆனால் பிரபஞ்சம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஊடுருவ முடியாது. எங்கோ ஓரிடத்தில் புதிய வெற்றிடம் ஒரு குமிழியாகப் பிறக்கவேண்டும். 1977-ல் இயற்பியலாளர் சிட்னி கோல்மன் போட்ட கணக்கு இது, எனக்கு அலுக்காத கணக்கும்கூட. குமிழிக்குள் ஆற்றல் குறைவதால் லாபம்; அதன் சுவரை உண்டாக்க ஆற்றல் செலவு. ஆரம் இரட்டித்தால் சுவருக்கான செலவு 4 மடங்கு, உள்ளிருக்கும் லாபமோ 8 மடங்கு. அதனால் சின்னக் குமிழி நஷ்டத்தில் சுருங்கி மறைந்துவிடும். வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் அளவில் பிறக்கிற குமிழிக்கு மொத்த ஆற்றல் பூஜ்யம்! ஆற்றல் அழியா விதிக்கு ஒரு பழுதும் இல்லாமல், வெறும் வெளியிலிருந்தே அது பிறக்கலாம். அப்புறம் கிடைக்கும் லாபமெல்லாம் சுவரைத் தள்ளுவதற்கே போகும். சுவர் ஏறக்குறைய ஒளியின் வேகத்தை எட்டும். எச்சரிக்கை வருவதற்கும் சுவர் வருவதற்கும் இடையே நேரமே இருக்காது.

ஆனால் அந்த அளவுக் குமிழி பிறப்பது அபூர்வத்திலும் அபூர்வம். 2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நம் வெற்றிடத்துக்குக் கணித்த ஆயுள், 1-க்குப் பின் 139 பூஜ்யம் போட்ட ஆண்டுகள். அதில் பிழை வரம்பு பெரியதுதான், இருந்தும் பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் அதன் பக்கத்தில்கூட வராது.

2008-ல் செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோதவிடும் கருவி தொடங்கியபோது உலகம் முடியப்போகிறது என்று தொலைக்காட்சிகள் அலறின. விண்வெளியில் பாயும் துகள்களான அண்டக் கதிர்களோ அதைவிட மூர்க்கமாகப் பல நூறு கோடி ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கின்றன, அவற்றாலேயே வெற்றிடம் உடையவில்லை; 1983-லேயே வானியற்பியலாளர்கள் பீட் ஹட், மார்ட்டின் ரீஸ் இருவரும் இதை எழுதிவிட்டார்கள். ஜோசியருக்குக் கிடைத்த ஒளிபரப்பு நேரத்தில் கால்வாசி அந்த வாதத்துக்குக் கிடைத்திருக்கலாம்.

டாப் குவார்க்கின் நிறை 171-ஐ ஒட்டி இருந்தால் நம் வெற்றிடம் நிரந்தரமானது என்றே ஆகிவிடும். அந்த நிறையைத் துல்லியமாக அளந்து இந்த இழுபறியைத் தீர்க்க, எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிடும் பெரிய கருவி ஒன்று வேண்டும். செலவு அதிகம்தான். கட்டலாம் என்பதே என் கட்சி.