வைப்பு: ஜியோகேச்சிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல்

கானாடுகாத்தானில் என் கணவரின் பூர்வீக வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் சின்னக் கட்டமாகத் தெரியும். பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் ஓர் எவர்சில்வர் சம்படத்துக்குள் சிறிய நோட்டையும் பென்சிலையும் போட்டு, ஊருக்குள் எங்கோ வைத்துவிட்டு வந்து, ஒரு துண்டுத் தாளை என்னிடம் நீட்டினார். அதில் இரண்டு எண்கள் மட்டும் இருந்தன. ஒருவர் மறைத்து வைக்கும் பெட்டியை, அதன் இடத்தைச் சொல்லும் எண்களைக் கொண்டு ஜிபிஎஸ் கருவியோடு மற்றவர் தேடிப் பிடிக்கும் விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். அதைப் பழகுவோம் என்று இருவரும் பேசி வைத்த பிறகு எங்களுக்குள் நடத்திக்கொண்ட முதல் பயிற்சி அது.

முதல் எண் அட்சரேகை, வடக்கு 10 பாகை (டிகிரி) 10.250 கலை. பாகையை அறுபதாகப் பகுத்தால் கலை, கலையை அறுபதாகப் பகுத்தால் விகலை. இந்த விளையாட்டில் விகலை எழுதுவதில்லை. கலையையே ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்து எழுதுகிறார்கள். வடக்கு தெற்காக அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீட்டர், ஓர் ஆள் நீளம். பத்தேகால் கலை என்று படிக்க வேண்டியதை நான் பத்துக் கலை இருபத்தைந்து விகலை என்று படித்து, அப்படியே போனில் ஏற்றிவிட்டேன். கால் கலைக்கு 15 விகலைதான். மிச்சம் பத்து விகலை தரையில் 300 மீட்டருக்கும் மேலாகிவிட்டது. புதிதாகத் தொடங்கும் யாரும் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

அந்த 300 மீட்டர் என்னை யாரோ ஒருவருடைய பூட்டிய வீட்டின் பின்புறத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே மாடக்குழிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, எதிர்த் திண்ணையில் இருந்த ஆச்சி குரல் கொடுத்தார்.

“என்ன ஆத்தா தேடுகிறாய்?”

“புதையல் ஆச்சி.”

ஆச்சி எழுந்து நின்றுவிட்டார்.

பத்திரிகைகளும் நண்பர்களும் இந்த விளையாட்டைப் ‘புதையல் வேட்டை’ என்றே சொல்லிப் பழக்கியிருந்ததால் என் வாயிலும் அதுவே வந்தது. செட்டிநாட்டில் அது விளையாட்டுச் சொல் அன்று. உடையவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் வீடுகள் இங்கே நிறைய. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் விலைக்குப் போகும் ஊரில், அறிமுகம் இல்லாத ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டு புதையல் என்றால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். போதாததற்குச் சட்டமும் உண்டு: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சொல்லும் பொருளுக்குப் பொருந்தவில்லை. புதையல் என்பது புதை என்ற வினையிலிருந்து வருவது, புதைத்தால்தான் புதையல். ஜியோகேச்சிங்கிலோ இடத்துக்கு உரியவர் வெளிப்படையாக அனுமதித்தால் அன்றிப் பெட்டிக்காகக் குழி தோண்டக் கூடாது என்பது அடிப்படை விதிகளில் ஒன்று. கல்லிடுக்கு, மரப்பொந்து, வேலிக்கால் எங்கும் வைக்கலாம், இடத்துக்கு உரியவரின் அனுமதியோடு.

அப்படியானால் மூலச் சொல் என்னதான் சொல்கிறது? ‘ஜியோ’ கிரேக்கம், பூமி. ‘கேஷ்’ பிரெஞ்சு, ஒளித்துவை என்ற வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் மென்மயிர்த் தோலுக்காக வேட்டையாடித் திரிந்த பிரெஞ்சுக்காரர்கள், திரும்பி வரும்போது வேண்டும் என்று உணவையும் கருவிகளையும் வழியில் மறைத்து வைத்தார்கள். அந்த மறைவிடத்தின் பெயர் ஆங்கிலத்துக்கு வந்தது. 1960-களின் கடைசியில் கணினியின் விரைவு நினைவகத்துக்கும் அதையே சூட்டினார்கள். தமிழில் பலரும் ‘கேச்’ என்று எழுதினாலும் ஒலிப்பு ‘கேஷ்’தான், ரொக்கத்தைச் சொல்வது போலவே.

விளையாட்டுக்கு வயது அதிகம் இல்லை. ஜிபிஎஸ் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய கருவிகள் சட்டென்று சில மீட்டருக்குள் இடம் காட்டின. மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். அந்த முதல் வாளி மட்டும் புதையலுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. அப்போது வழங்கிய ‘ஸ்டாஷ் ஹன்ட்’ என்ற ஆங்கிலப் பெயரில் கள்ளச்சரக்கைப் பதுக்கும் வாடை இருந்தது. அது வேண்டாம் என்று மே மாத இறுதியில் மாட் ஸ்டம் முன்வைத்த சொல்தான் ஜியோகேச்சிங். ஒரு பெயரின் வாடை பிடிக்காமல் ஒரே மாதத்தில் அவர்கள் அதை மாற்றிக்கொண்டார்கள். நாமும் அந்த அக்கறையோடு தமிழ்ப் பெயர் தேட வேண்டும் என்பது என் ஆசை.

‘பதுக்கல்’ உடனே விழுந்துவிடுகிறது. ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும். அதன் உறவுச் சொல்லான ‘பதுக்கை’ சங்கப் பாடல்களில் இறந்தவரை மூடிய கற்குவியல். ‘மறைபொருள்’ தத்துவத்துக்குப் போய்விட்டது. என் கணவர் ‘புள்ளிவைப்பு’ என்றார். நகரத்தார் கணக்கில் மணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. இரண்டு எண்கள் சேர்ந்து காட்டுவதும் ஒரு புள்ளி. இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன என்பது அவர் வாதம். எனக்கும் மனசு இளகியது. ஆனால் வாசலில் கோலம் போடுகிறவள் காதுக்கு அது வேறு வேலையின் பெயர்.

அவர் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். வைப்பு. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், ஏழையின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் செல்வத்தைச் சேமித்து வைக்கும் இடம் என்று சொல்ல வரும்போது ‘பொருள்வைப் புழி’ என்கிறார். வைப்பு, உழி, வைக்கும் இடம். பிறருக்குக் கொடுப்பதையே வைப்பது என்று சொன்ன அந்த இடம் இந்த விளையாட்டுக்கு மிக நெருக்கமானது. பெட்டியை வைப்பவர் தமக்காக வைப்பதில்லை. பின்னால் வருகிறவர் திறந்து, பெயரும் தேதியும் எழுதி, உள்ளே இருக்கும் சிறு பொருளை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றைப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். ‘கேஷ்’ என்ற சொல் ஒளிப்பதோடு நின்றுவிடுகிறது. ‘வை’ என்ற வினைக்குள் விட்டுச்செல்வதும் பத்திரப்படுத்துவதும் சேர்ந்தே இருக்கின்றன.

பேச்சில் வைப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வைப்புத் தொகை என்று வங்கியில் எழுதும்போது யாரும் தயங்குவதில்லை. ஆகவே பெட்டிக்கு வைப்பு, விளையாட்டுக்கு வைப்புத் தேடல், ஆடுகிறவருக்கு வைப்புத் தேடுநர். ‘புவி’ வேண்டுமென்றால் முன்னால் சேர்க்கலாம். பேசும்போது அது தானாக உதிர்ந்துவிடும்.

ஆச்சியிடம் துண்டுத் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அவன் வைத்துவிட்டு வந்ததைத் தேடுகிறாய், அவ்வளவுதானே” என்று உட்கார்ந்தார். எண்ணைத் திருத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். ஊருணிக் கரை வந்ததும் போன் ஒரு முறை படித்துறையையும் மறுமுறை வேப்பமரத்தையும் காட்டியது. கருவி அவ்வளவுதான் கொண்டுவந்து விடும். கடைசிப் பத்தடி கண்ணுக்கு உரியது. படிக்கல் இடுக்கில் சம்படத்தின் விளிம்பு மினுங்கியது.

நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு மூடியின் மேல் காகிதம் ஒட்டி, ஆச்சியைப் போல் யாராவது பார்த்தால் பயப்படக் கூடாதே என்று பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘இது வைப்பு. திறந்து பாருங்கள். பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.’