டேக் என்றால் எடுப்பதா?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில் ஒட்டியிருக்கிறார்கள்: "நோயாளியை எடுத்துச் செல்லும் முன் பாக்கித் தொகையைச் செலுத்தவும்." குணமாகி வீட்டுக்குப் போகிறவரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் துக்க வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர் முதலில் கேட்பதே "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்றுதான். யாரை, எதை என்று யாரும் சொல்வதில்லை. எடுக்கிறார்கள் என்றாலே புரிந்துவிடும். அந்தக் கவுண்டரில் பணம் கட்ட நிற்கிற மகனுக்கு அந்த வரி எப்படிக் கேட்கும் என்று மொழிபெயர்த்தவர் யோசித்திருக்க வேண்டாமா? உயிரோடு இருக்கிறவரைக் கூட்டிப் போவோம், அழைத்துச் செல்வோம். பையையும் ஸ்கேன் பிலிமையும்தான் எடுத்துச் செல்வோம்.

எல்லாம் ஆங்கிலத்தில் 'டேக்' (take) என்கிற ஒரு வினைச்சொல் செய்கிற வேலை. பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொத்தே அல்ல. வடகடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'டாகா'. பழைய ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு 'நிமன்' என்றொரு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியின் 'நேமன்' அதன் உறவு. வந்த சொல் இருந்த சொல்லைத் துரத்திவிட்டது. கையால் பற்றுவது என்ற பொருளில் நுழைந்த சொல், நாளாவட்டத்தில் பக்கத்தில் நிற்கிற பெயர்ச்சொல்லுக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கப் பழகிவிட்டது. குளியலோடு சேர்ந்தால் குளிப்பது, நடையோடு சேர்ந்தால் நடப்பது, தேர்வோடு சேர்ந்தால் எழுதுவது. தனியாக நிறுத்தினால் பாதி இடங்களில் அதற்குப் பொருளே கிடையாது.

தமிழில் 'எடு' அப்படி இல்லை. அதன் அடியில் கிடப்பது தூக்குவது, உயர்த்துவது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'எத்து' என்றால் தூக்கு. கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் மழைதான் என்று வள்ளுவர் சொல்ல வந்தபோது 'எடுப்பதூஉம் எல்லாம் மழை' என்றார். தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் தீச்சட்டி எடுக்கிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள்; கிராமத்தில் முளைப்பாரி எடுக்கிறார்கள். எல்லாம் தலைக்கோ கைக்கோ ஏறுகிற காரியம். பாம்பு படம் எடுப்பதும் அதே உயர்த்தல்தான்.

இன்னொரு கிளை, பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் கைக்குக் கொண்டுவருவது. செடியிலிருந்து பருத்தி எடுப்பது அப்படி. விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், தெற்கு ஆவணி மூல வீதியில் நகை எடுக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறோம். ஆனால் உப்பையும் சீனியையும் வாங்கத்தான் செய்கிறோம். பத்துச் சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி ஒன்றைத் தேர்வதும், குறிப்பிட்ட இடத்துக் கறியாகப் பார்த்து வெட்டச் சொல்வதும் 'எடு'வில் இருக்கிறது. உப்பில் என்ன தேர்வு?

பஸ்ஸுக்கு வருவோம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் "பஸ்ஸை எடுத்துட்டாங்க" என்றால் வண்டி கிளம்பிவிட்டது, ஓடு என்று பொருள். எடுப்பவர் டிரைவர். பயணி பஸ் ஏறுவார், பஸ்ஸைப் பிடிப்பார். "பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தை எடுத்து மீனாட்சி கோயிலை அடையலாம்" என்று சுற்றுலாக் குறிப்பு எழுதுகிறவர், பயணியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிடுகிறார்.

இதுவரை சொன்னதை எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முழுக்க ஒப்புக்கொள்வார். அவர் சொல்லும் மருந்தில்தான் எனக்குச் சண்டை. 'டேக்' வரும் இடமெல்லாம் 'கொள்' போட வேண்டுமாம். ஓய்வு கொள்க, மருந்து கொள்க, இருக்கை கொள்க, நிழற்படம் கொள்க. அவர் காட்டும் சான்று வலுவானதுதான். 'நல்லாறு எனினும் கொளல்தீது' என்ற குறளில் ஈதலுக்கு எதிர்ச்சொல்லாகக் கொளல் நிற்கிறது. பெண் கொடுத்து எடுப்பதைக் கொள்வினை கொடுப்பினை என்று இன்றும் சொல்கிறோம். மறுக்கவில்லை. ஆனால் குறளில் உயிரோடு இருந்த பொருள் இன்றைக்குக் கடைத்தெருவில் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுக்கலுக்கு இணையாக ஊரே 'வாங்கல்' என்கிறது. தனியாக நிற்கும் 'கொள்' இப்போது பெரும்பாலும் கொள்ளளவைச் சொல்கிறது. இந்தப் பானை நாலு படி கொள்ளும் என்போம். மற்றபடி அது வேறு வினைக்கு வாலாகிவிட்டது: வச்சுக்கோ, பார்த்துக்கோ, எடுத்துக்கிட்டு. மருந்துப் பாட்டிலில் 'இருவேளை கொள்க' என்று அச்சடித்தால் வீட்டிலுள்ள பெரியவர்கள் கொள்ளு ரசத்தைத்தான் நினைப்பார்கள்.

அவர் இன்னொன்றும் சொல்வார்: ஒரு சொல்லுக்கு ஒரு சொல் இருந்தால்தான் மாணவருக்கு ஒழுங்கு வரும். ஏன் வர வேண்டும்? மாத்திரை போடுகிறோம், கஷாயம் குடிக்கிறோம், லேகியம் சாப்பிடுகிறோம். வாய்க்குள் போகிற விதத்துக்கு ஏற்ப வினை மாறுகிறது. அது ஒழுங்கு இல்லையா? எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுத்தில் ஒன்று வேண்டுமென்றால் 'உட்கொள்' இருக்கவே இருக்கிறது. அங்கே 'உள்' வந்து 'கொள்'ளைத் தாங்குகிறது. ஏற்றுக்கொள், எதிர்கொள் எல்லாமே அப்படித்தான், முன்னால் ஒரு துணை வேண்டும். கையில் சில்லறையை நீட்டி 'டேக் இட்' என்பதற்கோ வினையே வேண்டாம், 'இந்தா' போதும். ஆசிரியரும் என்னிடம் டீக்காசை நீட்டும்போது இந்தாங்க என்றுதான் சொல்கிறார். கொள்க என்று ஒருநாளும் சொன்னதில்லை.

'கொள்' கட்சியால் வந்த இன்னொரு தொல்லை 'மேற்கொள்'. செய்திகளில் யாரும் போவதில்லை, பயணம் மேற்கொள்கிறார்கள். யாரும் ஆராய்வதில்லை, ஆய்வு மேற்கொள்கிறார்கள். விரதம் மேற்கொள்வது சரி, ஒன்றைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது அது. குழாய் அடைப்பைச் சரிபார்ப்பதற்கு எதற்கு மேற்கொள்ளல்?

நடவடிக்கை எடுப்பது, முடிவெடுப்பது இரண்டும் ஊறிப்போய்விட்டன, அவற்றோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க" என்பதையும் விட்டுவிடலாம், வாயில் நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. லீவை ஊர் தானாகவே 'போட்டு'க்கொண்டது. பரீட்சையை எழுதுகிறது. ஒரு வேலைக்கு அரை மணி ஆகும், அரை மணி பிடிக்கும். 'அரை மணி நேரம் எடுக்கும்' என்று இங்கே எழுதுகிறவர்கள் அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சொல்லுக்கு இவ்வளவு காசு என்று கூலி வாங்குகிற மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருமுறை 'டேக் – எடு' என்று மென்பொருளின் நினைவில் ஏறிவிட்டால் அடுத்த ஆயிரம் வாக்கியத்துக்கும் அதுவே வந்து விழுகிறது. திருத்துகிறவருக்கு நேரம் கொடுப்பதில்லை. சத்தம்போட்டு வாசித்துப் பார்க்கவும் ஆளில்லை. வாசித்திருந்தால் அந்த மருத்துவமனை அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்காது. என் போனில் வழிசொல்லும் செயலி சிம்மக்கல் வந்ததும் "இடது திருப்பத்தை எடுக்கவும்" என்கிறது. அதே இடத்தில் ஆட்டோக்காரரைக் கேட்டால் "பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்கண்ணே, அப்புறம் நேரா போங்க" என்று முடித்துவிடுவார்.