புழுக்கை தின்னும் முயலுக்கு நோயில்லைங்க

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஏனுங்க, நாலு முயல் வாங்கி உட்டிருக்கறோம். வெடியால போய்ப் பார்த்தா, குனிஞ்சு பின்பக்கத்துல வாயை வெச்சுத் தன் புழுக்கையையே திங்குதுங்க. தீனி பத்தலீங்களா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா பூச்சி மருந்து ஊத்தச் சொல்றாங்க."

மருந்தை எடுத்த இடத்திலேயே வையுங்கள். தின்னாமல் விட்டால்தான் கவலை.

கட்டுத்தரையில் நிற்கும் மாட்டுக்கும் கூண்டு முயலுக்கும் ஒரே சிக்கல்: புல்லின் செல்லுலோசைச் சிதைக்கும் நொதி இரண்டுக்கும் சொந்தமாகக் கிடையாது. அதற்கு நுண்ணுயிர்கள் வேண்டும். மாடு அவற்றை வயிற்றின் முன்பகுதியிலேயே குடிவைத்திருக்கிறது. அங்கே நொதித்தது பின்னால் சிறுகுடலுக்குப் போகும்போது சத்து உறிஞ்சப்படுகிறது. முயலுக்கு அந்தத் தொட்டி சிறுகுடலுக்கு அப்புறம், குருட்டுக்குடலில் இருக்கிறது. நமக்குச் சின்னப் பையாக இருக்கும் அந்த உறுப்பு முயலுக்கு இரைப்பையைவிடப் பெரிது. சத்து அங்கே தயாராகும்போது, உறிஞ்சும் இடம் தாண்டிப் போயிருக்கும். சேலத்தில் ரயிலேறி, ஈரோட்டில் இறங்க வேண்டியவர் தூங்கிப்போய்த் திருப்பூரில் கண்விழித்த கதை. முயல் என்ன செய்கிறது? மறுபடி சேலத்துக்கே போய் ஏறிக்கொள்கிறது!

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு முந்தைய வேலைதான். பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு முறம் இருக்கிறது என்று வையுங்கள். முரட்டு நார் நடுவில் முன்னேறி, உருண்டை உருண்டையான காய்ந்த புழுக்கையாய் விழுந்துவிடும். பொடித்துகளும் நீரும் குடல் சுவரின் மடிப்புகளில் ஒதுங்க, தலைகீழாக ஓடும் அலையசைவு அவற்றைக் குருட்டுக்குடலுக்கே திருப்பித் தள்ளும். உமி முன்னால் போக, அரிசி பின்னால் தங்குகிறது. சில மணி நேரம் கழித்து அதே குடல் புடைப்பதை நிறுத்திவிடும். குருட்டுக்குடலில் நொதித்தது சளிச்சவ்வு போர்த்திய, மினுமினுக்கும் மெத்தென்ற கொத்தாக வரும். முயல் அதைக் கீழே விழவே விடாது. ஆசனவாயிலிருந்தே வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கும். கம்பிவலைத் தரை போட்டும் தடுக்க முடியாதது அதனால்தான். மென்றால் போர்வை கிழிந்துவிடுமே! அந்தப் போர்வைக்குள் நுண்ணுயிர்கள் இரைப்பை அமிலத்துக்குத் தப்பிச் சில மணி நேரம் வேலை செய்கின்றன. காய்ந்த புழுக்கையைவிட இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு புரதம், கூடவே பி வகை வைட்டமின்கள். 1882இலேயே மோரோ என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் இதை எழுதிவைத்துவிட்டார்.

ஆக, முறம் ஓட நார் வேண்டும். வேலிமசால், அகத்தி இருக்கட்டும். காய்ந்த கொழுக்கட்டைப் புல் எப்போதும் கூண்டில் கிடக்கட்டும். பாசத்தில் சோறும் மக்காச்சோளமும் அள்ளிப் போட்டால் மாவுச்சத்து குருட்டுக்குடலில் போய்ப் புளித்து, வயிறு உப்பி, ஒரே ராத்திரியில் முயல் போய்விடவும் கூடும். ஆட்டுக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை மருத்துவரைக் கேட்காமல் வாயில் ஊற்றாதீர்கள். அமாக்சிசிலின் போன்றவை அந்த நுண்ணுயிர்க் குடியையே கெடுத்து முயலைக் கொன்றுவிடும்.

இனப்பெருக்கம் பற்றியும் கேட்டிருந்தார். பெட்டையைத்தான் கிடா இருக்கும் கூண்டில் விட வேண்டும். இணைந்த பிறகே அதற்குச் சினைமுட்டை வெளிவரும். சுமார் 31 நாளில் குட்டி. தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டியைக் கைவிட்டுவிட்டது என்று பதற வேண்டாம். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் கிடாவின் விந்துத் தரம் குறையும். சித்திரையில் கூண்டுமேல் ஈரச்சாக்கு போடுங்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசு மையம் ஒன்று முயல் ஆராய்ச்சி செய்கிறது. ஆனால் அது குளிர்ந்த ஊர். நம் கொங்குச் சமவெளி வெயிலுக்கென்று யாராவது பணம் ஒதுக்கினால் தேவலை. முயல் ரத்தத் தைலத்தில் முடி வளரும் என்று கொட்டுகிற காசில் பாதி போதும்!

கோபிக்காரருக்கு ஒரு வேலை: நாளை வெடியால கூண்டுக்கு அடியில் பாருங்கள். காய்ந்த உருண்டை மட்டும் கிடந்தால் சரி. மினுமினுக்கும் கொத்து தின்னாமல் கிடந்தால் தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். முயல் குண்டாகி, குனியவே முடியாமல் போயிருந்தாலும் அப்படிக் கிடக்கும்.