அரௌக்கானா, அமெரௌக்கானா, ஈஸ்டர் எக்கர்: நீலமுட்டைக் கோழியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நீல முட்டை இடும் கோழி வேண்டும் என்று விசாரித்தால் மூன்று பெயர்கள் காதில் விழும்: அரௌக்கானா, அமெரௌக்கானா, ஈஸ்டர் எக்கர். குஞ்சு விற்பவர்களே இவற்றை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். முதல் இரண்டும் இனப்பெயர்கள். மூன்றாவது இனமே அல்ல. மூன்றையும் ‘நீலமுட்டைக் கோழி’ என்று ஒரே பையில் போட்டால் குழப்பம் தமிழிலும் தொடரும்.

அரௌக்கானாவின் ஊர் தென்அமெரிக்காவின் சிலி. அந்நாட்டின் தென்பகுதியில் வாழும் பழங்குடியினர் மாபுச்சே மக்கள். அவர்கள் மொழியில் ‘மாப்பு’ என்றால் நிலம், ‘சே’ என்றால் மக்கள். படையெடுத்து வந்த ஸ்பானியர்களோ அரௌக்கோ என்ற இடப்பெயரை வைத்து அவர்களை ‘அரௌக்கானோ’ என்று அழைத்தார்கள். அரௌக்கோ என்பதற்குக் களிமண் நீர் என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். ‘கோ’ என்றால் மாபுச்சே மொழியில் தண்ணீர். வெளியார் வைத்த இந்தப் பெயரை மாபுச்சேக்கள் ஏற்பதில்லை. மனிதர்கள் வேண்டாம் என்று விட்ட பெயர் கோழியிடம் தங்கிவிட்டது.

ஸ்பெயின் நாட்டுக் கோழியியலாளர் சால்வடோர் காஸ்தெல்யோ 1914இல் சிலி சென்றபோது இந்தக் கோழிகளைப் பார்த்தார். வால் இல்லை, காதோரம் இறகுக் குஞ்சம், முட்டையோ நீலம். 1921இல் தி ஹேக் நகரில் நடந்த உலகக் கோழியியல் மாநாட்டில் இவற்றைத் தனி உயிரினம் என்றே கருதி ‘காலஸ் இனாரிஸ்’ என்று பெயர் சூட்டினார். ‘இனாரிஸ்’ என்பது லத்தீனில் காதணி. தனி உயிரினம் என்ற கருத்து நிலைக்கவில்லை, இதுவும் வீட்டுக்கோழிதான். அவர் பார்த்தவை ரூபன் புஸ்தோஸ் என்ற சிலி நாட்டு வளர்ப்பாளர் இரண்டு உள்ளூர் வகைகளைக் கலந்து உருவாக்கியவை: வாலில்லாமல் நீல முட்டை இடும் ஒன்று, வாலும் காதுக்குஞ்சமும் உள்ள இன்னொன்று.

வாலில்லாத கோழிக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. வால் குட்டையானதையும் வால் அற்றதையும் ‘கூழை’ என்பார்கள். கூழைவால் என்பது பழைய வழக்கு. ‘வாலற்ற கோழி’ என்று புதிதாகக் கட்டுவதைவிடக் ‘கூழைக்கோழி’ எனக்குப் பிடித்திருக்கிறது. காதோரத்தில் இருப்பதைக் காதுக்குஞ்சம் என்றாலே போதும்.

இந்தக் குஞ்சம் பார்க்க அழகு, வளர்ப்பவருக்குத் தொல்லை. இதற்கான மரபணு தாய், தந்தை இரு வழியிலும் வந்து இரட்டையாகச் சேர்ந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். ஆக, குஞ்சம் உள்ள சேவலையும் குஞ்சம் உள்ள பெட்டையையும் சேர்த்தால் கருமுட்டைகளில் ஏறத்தாழ கால் பங்கு அப்படியே போகும். ஒன்றுக்குக் குஞ்சம், மற்றொன்றுக்கு இல்லை என்று சோடி சேர்ப்பது நல்லது.

அமெரிக்காவில் இந்த இனத்துக்கு 1976இல் தர வரையறை ஏற்கப்பட்டது: கூழைவால், காதுக்குஞ்சம் இரண்டும் வேண்டும். பிரிட்டனிலோ அரௌக்கானா என்றாலே வாலும் தாடியும் உள்ள கோழி. படத்தை மட்டும் பார்த்து இனம் சொல்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அமெரௌக்கானா என்பது அமெரிக்காவையும் அரௌக்கானாவையும் ஒட்டிச் செய்த பெயர். இதற்கான வரையறை ஏற்கப்பட்டது 1984இல். வால் உண்டு, காதுக்குஞ்சம் கிடையாது. தாடியும் கன்னத்தில் புசுபுசுவென்று இறகும் இருக்கும். கால் சிலேட்டு நிறம். ‘அமெரிக்கானா’ என்று எழுதி விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த இனம் அல்ல, கலப்பு. இன்னொன்று: கோழி வளர்ப்பவர்கள் ‘நீல அமெரௌக்கானா’ என்றால் அந்த நீலம் முட்டையைக் குறிப்பதில்லை. சாம்பல் படிந்த இறகு நிறத்தைத்தான் அவர்கள் நீலம் என்கிறார்கள்.

நீல முட்டைக்கான மரபணு உடைய கோழிகளின் வழியில் வந்த எந்தக் கலப்புக் கோழியும் ஈஸ்டர் எக்கர்தான். ஈஸ்டருக்கு முட்டைகளில் வண்ணம் தீட்டும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. நீலம், பச்சை, சில சமயம் வெறும் பழுப்பு முட்டைகூட இடும். இதை ‘உயிர்ப்பு விழாக் கோழி’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘நிறமுட்டைக் கலப்பு’ என்றால் இனம் இல்லை என்ற செய்தியும் சொல்லிலேயே வந்துவிடும்.

ஓட்டுக்கு நீலம் தருவது பிலிவெர்டின் என்ற நிறமி. பித்தம் என்ற சொல்லும் பச்சை என்ற சொல்லும் சேர்ந்த பெயர், பித்தநீரிலும் இருப்பதுதான். பச்சைக்குப் பெயர்பெற்ற பொருள் முட்டையில் நீலமாகத் தெரிவது வேடிக்கைதான். நீல முட்டைத் தன்மை ஓங்கு மரபணுவால், அதாவது ஒற்றையாக இருந்தாலே வெளிப்படும் மரபணுவால், வருவது என்று கேம்பிரிட்ஜ் மரபியலாளர் புன்னெட் 1933இலேயே எழுதினார். பழைய வைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் மரபணுத் தொகுதிக்குள் செருகிக்கொண்டதே இதன் காரணம் என்று 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சீனாவின் தோங்சியாங், லூஷி கோழிகளும் நீல முட்டை இடும். அவற்றில் அதே வைரஸ் தனியாக, வேறொரு புள்ளியில் செருகியிருக்கிறது. ஆகவே நீல முட்டை எல்லாம் சிலியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

சரி, வீட்டில் எப்படிச் சோதிப்பது? முட்டையை உடைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை உரித்துப் பாருங்கள். நீலம் ஓடு முழுக்க ஊறியிருக்கும். வெளிப்புறம் எப்படியோ உட்புறமும் அப்படியே. பழுப்பு நிறம் கடைசியில் மேலே பூசப்படுவது, எனவே பழுப்பு முட்டையின் உட்புறம் வெளுத்திருக்கும். வெளியே பச்சை, உள்ளே நீலம் என்றால் நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூச்சு விழுந்திருக்கிறது. அந்தப் பெட்டையின் முன்னோரில் பழுப்பு முட்டைக்காரி ஒருத்தி இருக்கிறாள்.

இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழியிடமும் சேவலிடமும் இந்தச் சோதனை நடக்காது. அங்கே கொண்டையைப் பார்ப்பார்கள். நீல முட்டை மரபணுவும் பட்டாணிக் கொண்டைக்கான (மூன்று வரிசையாகத் தாழ்ந்திருக்கும் சிறு கொண்டை) மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், அரௌக்கானா வழிக் கலப்பில் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கும். இதை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம். நம் அசீல் சண்டைக்கோழிக்கும் பட்டாணிக் கொண்டைதான். அதன் முட்டையில் நீலம் கிடையாது. காது மடல் வெள்ளை என்றால் வெள்ளை முட்டை, சிவப்பு என்றால் பழுப்பு முட்டை என்ற கணக்கும் இங்கே செல்லாது: அரௌக்கானாவுக்குச் சிவப்பு மடல். சேவலை உறுதிசெய்ய வேண்டுமானால் வெள்ளை முட்டை இடும் பெட்டையோடு சேர்த்து, பிறக்கும் விடைகள் முட்டை இடும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாமே நீலமாக இட்டால் சேவலிடம் மரபணு இரட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதி மட்டும் என்றால் ஒற்றை.

ஒற்றைக் கொண்டையோடு நீல முட்டை இடுவதும் உண்டு. கேம்பிரிட்ஜில் உருவான கிரீம் லெக்பார் அப்படிப்பட்டது. லெக்ஹார்ன், வரியிறகு பிளைமவுத் ராக் ஆகியவற்றோடு சிலியிலிருந்து வந்த கோழியின் ரத்தமும் அதில் கலந்தது. லெக்ஹார்ன் யார் என்று யோசிக்க வேண்டாம். நம்மூரில் லெகான் என்று அழைக்கப்படும் அதே வெள்ளைக் கோழி இனம்தான். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகப் பெயர் ஆங்கிலேயர் வாயில் லெக்ஹார்ன் ஆகி, நம்மிடம் லெகான் ஆனது. கிரீம் லெக்பாரில் ஒரு வசதி: பொரித்த நாளிலேயே பெட்டைக்குஞ்சின் முதுகில் கருங்கோடு தெளிவாகத் தெரியும், சேவல்குஞ்சு வெளிறி, தலையில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும்.

இனி எழுதும்போது: அரௌக்கானா, அமெரௌக்கானா, லெக்பார் ஆகிய இனப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளலாம், லெகானை நாம் யாரும் மொழிபெயர்க்கவில்லையே. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘நீலமுட்டைக் கோழி’ பொருந்தும். அதை ‘நீலக்கோழி’ என்று சுருக்கினால் குளத்தங்கரையில் நடமாடும் நீலத் தாழைக்கோழிதான் நினைவுக்கு வரும்.