பாய்லருக்குக் காத்தடிச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஒரு போன். சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கிற தம்பி, வீட்லயே லேத் போட்டு குட்டி நீராவி எஞ்சின் செய்றவர். "அண்ணே, பாய்லர் எண்ட் பிளேட் பறந்துருச்சுண்ணே"ன்னாரு. எண்ட் பிளேட்னா பாய்லர் குழாயோட முனையை அடைக்கிற தகடு. மொதல்ல யாருக்காச்சும் அடி பட்டுச்சான்னு கேட்டேன். கையில கிழிச்சிருக்கு, கிளினிக் போய் நாலு தையல் போட்டாச்சு, வேற ஒண்ணும் இல்லன்னாரு.

மறுநாள் வேலை முடிஞ்சு நேரா அங்கதான் போனேன். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு சர்வீஸ் யார்டு, அதாவது துணி துவைக்கிற எடம், எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், வாஷிங் மெஷின் வெச்சா மிச்சம் ரெண்டு பேர் நிக்கிற எடம். மெஷினோட பக்கவாட்டுல உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருக்கு, பின்னாடி சுவத்துல டைல் விரிசல் விட்டிருக்கு. பிளேட்டைக் கையில எடுத்துப் பாத்தேன். 75 மில்லிமீட்டர் வட்டம், ஓரத்தை மடிக்காம தட்டையா வெட்டி செம்புக் குழாய்க்குள்ள சொருகி சில்வர் சோல்டர் (வெள்ளி கலந்த பத்தவைப்பு) வெச்சிருக்காரு. வெளியில பாத்தா அழகா வெள்ளிக் கோடு மாதிரி சுத்தி ஓடியிருக்கு, ஆனா இடுக்குக்குள்ள சோல்டர் இறங்கவே இல்ல, செம்பு கருகிப் போய் அப்படியே இருக்கு. கால் மணி நேரம் முன்னாடி வரைக்கும் அவங்க அம்மா அதே எடத்துல நின்னு கம்புல துணி கோத்துட்டு இருந்திருக்காங்க. இதைச் சொல்லிட்டு அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

எதுல டெஸ்ட் பண்ணீங்கன்னு கேட்டேன். டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர்லயாம். சோப்புத் தண்ணி தடவி எங்கயாச்சும் குமிழ் வருதான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கும்போது கேஜ் 5 பாரைத் தாண்டியிருக்கு. 1 பார்னா நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம் அளவுக்கு.

நான் துவாஸ் பக்கம் பிரஷர் வெசல் டெஸ்டிங் வேலையில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். வீட்ல நானும் சின்ன லேத் வெச்சிருக்கேன், ஸ்டூவர்ட் 10வின்னு ஒரு குட்டி நீராவி எஞ்சினை வார்ப்புப் பாகமா வாங்கி செஞ்சு முடிச்சிருக்கேன், முக்கால் இஞ்ச் போர், முக்கால் இஞ்ச் ஸ்ட்ரோக், அது மொத மொத தானா சுத்துனப்ப வந்த சந்தோஷம் எனக்கும் தெரியும். அதனால இந்த ஹாபியே வேணாம்னு சொல்ல வரல. ஆனா இந்த வருஷத்துல காத்தடிச்சு வெடிச்ச பாய்லர்னு என் கைக்கு வந்தது இது மூணாவது. மூணு பேரும் நல்லா படிச்சவங்க, மூணு பேரும் சொன்னது ஒரே பதில்: "தண்ணி கனம்ணே, காத்து லேசு, வெடிச்சாலும் வெறும் காத்துதானே".

இல்ல. தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்கீங்க.

1 லிட்டர் பிடிக்கிற பாய்லரை எடுத்துக்குங்க. கேஜ்ல 8 பாருக்குக் காத்து ஏத்துறீங்கன்னா, ஏற்கனவே உள்ள இருந்த 1 லிட்டரையும் சேத்து, வெளியில 9 லிட்டரா இருந்த காத்தை அந்த 1 லிட்டர் எடத்துல திணிச்சு வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அமுக்கி வெச்ச ஸ்பிரிங் அது. கணக்கு போட்டா உள்ள 1,000 ஜூல் கிட்ட சக்தி நிக்குது. ஜூல்னா புரியலையா, 5 கிலோ அரிசிப் பையை எட்டாவது மாடி காரிடார்லருந்து கீழ போட்டா தரையில என்ன வேகத்துல வந்து விழுமோ அந்த சக்தி. மாடியிலருந்து சாமான் போட்டா போலீஸ் வரும்னு நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும், அதே அடியை ஒரு செம்பு டப்பாவுக்குள்ள அடைச்சு மூஞ்சிக்கு நேரா வெச்சு குமிழ் பாக்குறீங்க.

இப்ப அதே பாய்லர்ல தண்ணிய நிரப்பி அதே 8 பாருக்கு ஏத்துங்க. தண்ணி ஏழெட்டு சொட்டு அளவுக்குத்தான் சுருங்கும், அவ்வளவுதான் அதால முடியும். உள்ள நிக்கிற சக்தி, அதே அரிசிப் பையை 3 மில்லிமீட்டர் தூக்கிக் கீழ விட்ட மாதிரி. பிளேட் விட்டுப் போச்சுன்னா டப்புன்னு ஒரு சத்தம், கால் நனையும், கேஜ் முள்ளு உடனே சைபருக்கு வந்துரும். பிரஷர் ரெண்டுலயும் ஒண்ணுதான், பிளேட்டைத் தள்ளுற விசையும் ஒண்ணுதான், 5 பார்லயே அந்த 75 மில்லி பிளேட் மேல 220 கிலோவுக்கு மேல தள்ளுது. பிளேட் பிச்சுக்கிட்ட அப்புறம் விடாம தள்ளிக்கிட்டே போறது காத்து, தண்ணி அங்கேயே நின்னுரும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா போதும்.

இந்தக் குழப்பம் எங்கருந்து வருதுன்னும் எனக்குத் தெரியும். எஞ்சினைக் காத்துல ஓட்டிப் பாக்கிறது சரி, எல்லாரும் செய்றது, நானும் செய்றேன், 1 பார் கூட தேவைப்படாது, சிலிண்டர்க்குள்ள போறதும் சில மில்லிலிட்டர்தான். எஞ்சின் காத்துல ஓடுச்சே அப்ப பாய்லரையும் காத்துல பாத்துருவோம்னு அடுத்த அடி வெச்சிர்றீங்க. எஞ்சின் வேற, பாய்லர் வேறப்பா.

தண்ணி டெஸ்ட் ஒண்ணும் புதுசில்ல. 1803ல லண்டன் பக்கம் கிரீனிச்ல நீராவி எஞ்சின் முன்னோடி ரிச்சர்ட் ட்ரெவிதிக்கோட ஹை பிரஷர் பாய்லர் வெடிச்சு 4 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் அவர் ரெண்டு செஃப்டி வால்வு, சூடேறுனா உருகி வழி விடுற ஈயப் பிளக், தண்ணியால பிரஷர் டெஸ்ட்னு எல்லாத்தையும் கொண்டு வந்தாரு. 200 வருஷத்துக்கு முன்னாடி உசிரு கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம். இங்க தொழிற்சாலை பாய்லர்னா சட்டப்படி 12 மாசத்துக்கு ஒரு தடவை அங்கீகாரம் உள்ள பரிசோதகர் பாத்தே ஆகணும். சர்வீஸ் யார்டு பாய்லரை அப்படித் தேடி வந்து பாக்க ஆள் கிடையாது, நீங்கதான் பாக்கணும்.

சரி, எப்படிச் செய்யணும். செஃப்டி வால்வைக் கழட்டிட்டு அந்த ஓட்டையை பிளக் போட்டு அடைங்க, இல்லன்னா டெஸ்ட் பிரஷர் வர்றதுக்கு முன்னாடியே அது திறந்துக்கும். எது உச்சியில இருக்கோ அந்த புஷ்ஷை (வால்வு, குழாய் திருகுற வளையம்) மட்டும் திறந்து வெச்சு தண்ணி ஊத்துங்க, பாய்லரை சாய்ச்சு தட்டித் தட்டி கடைசிக் குமிழ் வர்ற வரைக்கும் காத்தை வெளியேத்துங்க, உள்ள ஒரு கப் காத்து மிச்சம் இருந்தாலும் அது காத்து டெஸ்ட்தான். அப்புறம் கைப் பம்ப். வேலை பிரஷர் 4 பார்னா புது பாய்லருக்கு 8 வரைக்கும், ஆனா ஒரே மூச்சுல போகாதீங்க, 2ல நிறுத்திப் பாருங்க, 4ல பாருங்க, அப்படியே. நான் 8ல 20 நிமிஷம் விடுவேன். முள்ளு இறங்கக் கூடாது. டெஸ்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் எண்ட் பிளேட் மேல இரும்பு ஸ்கேலை நிமித்தி வெச்சுப் பாருங்க, வயிறு மாதிரி உப்பியிருந்தா ஒழுகலைன்னாலும் அந்த பாய்லர் ஃபெயில். கேஜை நம்பாதீங்க, இன்னொரு கேஜோட ஒப்பிட்டுப் பாருங்க.

இதுல பாஸானாலும் நெருப்பு வேற கதை. 4 பார்ல உள்ள தண்ணி 152 டிகிரியில இருக்கும், அந்த நேரத்துல விட்டுப் போச்சுன்னா 1 கிலோ தண்ணியில பத்துல ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகி 160 லிட்டருக்கு விரியும். அதனாலதான் குளிர்ந்த தண்ணியில மொதல்ல ஃபெயிலாகட்டும்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன். நெருப்பு போட்டதும் எஞ்சினுக்குப் போற வால்வை மூடி, அடுப்பை முழுசா வெச்சு, செஃப்டி வால்வு தனியாளா பிரஷரைத் தாங்குதான்னு பாருங்க. வேலை பிரஷருக்கு மேல பத்துல ஒரு பங்கைத் தாண்டி ஏறுச்சுன்னா வால்வு பத்தாது.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிர்றேன். பாய்லர்ல ஈய சோல்டர் வேணாம், அது 183 டிகிரியிலயே இளக ஆரம்பிக்கும், தண்ணி மட்டம் இறங்குனா அவ்வளவுதான். புஷ்ஷுக்குப் பித்தளை வேணாம், சுடுதண்ணியில நாளாக நாளாக துத்தநாகம் கரைஞ்சு மொறுமொறுன்னு ஆயிரும், வெண்கலம் இல்லன்னா கன்மெட்டல் வாங்குங்க. பழைய சில்வர் சோல்டர் கம்பியில கேட்மியம் இருக்கும், எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் வாங்காதீங்க, அந்தப் புகை நுரையீரலை அரிச்சிரும். வீட்டுக் குக்கருக்குக் குழாய் போட்டு எஞ்சின் ஓட்டாதீங்க, அது சோறாக்க. லேத்ல கை உறை போடவே கூடாது, சக் கீயை (சக்கை முறுக்குற சாவி) சக்குலயே விட்டுட்டு ஸ்விட்ச் போடக் கூடாது, வெட்டி வர்ற உலோகச் சுருளைக் கையால இழுக்கக் கூடாது, கண்ணாடி போடாம லேத் பக்கமே போகாதீங்க. இதெல்லாம் எத்தனை தடவை சொல்றது!

ஈசூன் தம்பி ரெண்டாவது பாய்லர் ஆரம்பிச்சிட்டாரு. இந்தத் தடவை எண்ட் பிளேட் ஓரத்தை மரக்கட்டை அச்சு மேல வெச்சு தட்டித் தட்டி மடிச்சிருக்காரு, ஒவ்வொரு சுத்துக்கும் சிவக்கக் காய்ச்சி இளக்கி, மூணு தடவை. சனிக்கிழமை மதியம் என் வீட்ல தண்ணி டெஸ்ட். பம்ப், ரெண்டு கேஜ், பிளக் எல்லாம் என்கிட்ட இருக்கு, வேற யாருக்காச்சும் பாய்லர் பாக்கணும்னாலும் தூக்கிட்டு வாங்க, காசெல்லாம் வேணாம். காத்து மட்டும் அடிச்சிட்டு வராதீங்க.